கிரீஸ்–துருக்கி மக்கள் பரிமாற்றம், 1923: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி, சுமார் 16 லட்சம் பேரை ஆளுக்காள் மாற்றிக்கொண்ட கதை இது. நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் அந்தக் கணக்கு முடியவில்லை. நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில், என்னதான் நடந்தது?

முதல் உலகப் போரில் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு தோற்றது. அந்தச் சந்தர்ப்பத்தில், 1919 மே மாதம், கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் (இன்றைய இஸ்மிர்) வந்து இறங்கி அனத்தோலியாவுக்குள் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) வெகுதூரம் முன்னேறியது. மூன்று வருடச் சண்டைக்குப் பிறகு, 1922 ஆகஸ்டு கடைசியில் துருக்கிய தேசியத் தலைவர் முஸ்தபா கெமாலின் (பின்னாளில் அத்தாதுர்க்) படை அதை முறியடித்தது. செப்டம்பரில் ஸ்மிர்னா எரிந்தது. பின்னால் தீ, முன்னால் கடல் என்று துறைமுகக் கரையில் பெருங்கூட்டம் நாள்கணக்கில் கப்பலுக்காக நின்றது.

அப்புறம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சமாதானப் பேச்சு. சமாதான உடன்படிக்கை 1923 ஜூலை 24 அன்றுதான் கையெழுத்தானது. ஆனால் மக்களை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜனவரி 30 அன்று, தயாராகிவிட்டது. எல்லைக்கோட்டையும் கடனையும் பேசி முடிக்கும் முன்பே ஆட்களைப் பேசி முடித்துவிட்டார்கள்.

துருக்கியில் இதற்குப் பெயர் 'முபாதெலே'. மாற்றப்பட்டவர் 'முபாதில்'. அரபு மூலத்திலிருந்து வந்த சொல். 'பதல்' என்று உருதுவழி வந்து தமிழில் 'பதில்' ஆனதும் அதே வேர்தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. கிரீஸில் அவர்களை 'அகதிகள்' என்றே சொல்கிறார்கள். ஒரே சம்பவம்தான், ஒரு பக்கம் அது ஏற்பாடு, மறுபக்கம் பேரழிவு.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று எப்படிப் பிரித்தார்கள்?

மதத்தை வைத்து. என்ன மொழி பேசுகிறார்கள் என்று பார்க்கவில்லை. எங்கே இருக்க விருப்பம் என்று கேட்கவும் இல்லை. துருக்கியில் உள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு. கிரீஸில் உள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. ஒப்பந்தத்தின் முதல் பிரிவே அதுதான்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. அனத்தோலியாவின் நடுவில், கப்படோசியா பகுதியில் 'கரமான்லி' என்ற கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். தாய்மொழி துருக்கி. அதை கிரேக்க எழுத்தில் எழுதுவார்கள். வேதாகமம், கல்லறை வாசகம், பத்திரிகை எல்லாமே துருக்கி மொழி, கிரேக்க எழுத்து. நம்மிடம் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரபுத்தமிழில் எழுதினார்கள் என்பதற்காக காயல்பட்டினத்துக்காரரை அரேபியாவுக்குக் கப்பலேற்றினால் எப்படி இருக்கும்? இவர்களுக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான். போர்முனை இவர்கள் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. அண்டை வீட்டு முஸ்லிமோடு பகையும் இல்லை. 1924-இல் புறப்படச் சொன்னார்கள், புறப்பட்டார்கள்.

கிரீட் தீவு முஸ்லிம்களின் கதை இதற்கு நேர் எதிர். அவர்களுக்குத் தெரிந்தது கிரேக்கம், அதிலும் கிரீட் வட்டார வழக்கு. ஆய்வாலிக், மெர்சின், போத்ரும் பக்கம் குடியேறிய பிறகும் வீட்டில் கிரேக்கமே பேசினார்கள். 1928-இல் துருக்கியில் 'குடிமகனே, துருக்கி மொழி பேசு' என்ற இயக்கம் கிளம்பியபோது, துருக்கியர் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட இவர்களே கடைத்தெருவில் வாயை மூடிக்கொள்ள வேண்டி வந்தது.

எத்தனை பேர் மாறினார்கள்?

துருக்கியிலிருந்து கிரீஸுக்கு சுமார் 12 லட்சம். கிரீஸிலிருந்து துருக்கிக்கு மூன்றரை முதல் நான்கு லட்சம் வரை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 12 லட்சத்தில் பெரும்பாலோர் ஒப்பந்தத்துக்கு முன்பே, 1922-இல் உயிருக்குப் பயந்து ஓடியவர்கள். ஒப்பந்தப்படி முறையாக அனுப்பப்பட்ட ஆர்த்தடாக்ஸ் மக்கள் ஏறக்குறைய 1,90,000 பேர்தான். ஆனால் ஒப்பந்தம் 1912 அக்டோபர் 18 முதல் முன்தேதியிட்டு அமலாக்கப்பட்டது. முதல் பால்கன் போரில் கிரீஸ் இறங்கிய நாள் அது. அதாவது, ஓடிப்போனவர்களுக்கும் திரும்பிவரும் வழி அடைக்கப்பட்டது. முஸ்லிம்கள் விஷயத்தில் கதை வேறு: அமைதியாக வீட்டில் இருந்த பெரும்பான்மையினரை ஒப்பந்தத்தைக் காட்டியே கிளப்பினார்கள்.

யாருடைய யோசனை இது? யாருமே எதிர்க்கவில்லையா?

பேச்சு தொடங்கிய பின் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். திட்டத்தை முன்வைத்தவர் சர்வதேச சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு) அகதிகள் ஆணையர் ஃபிரிட்யோஃப் நான்சென். 1922-க்கான நோபல் அமைதிப் பரிசு அவருக்குத்தான். கிரீஸ் தரப்பில் முன்னாள் பிரதமர் வெனிசெலோஸ், துருக்கி தரப்பில் இஸ்மத் பாஷா. தலைமை வகித்த பிரிட்டிஷ் அமைச்சர் கர்சன் பிரபு, இது படுமோசமான, தீய தீர்வு, இதற்கான விலையை உலகம் நூறு ஆண்டு கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, கையெழுத்துக்கு வழிவிட்டார்.

உள்ளுக்குள் இரு தரப்புக்கும் அது தேவைப்பட்டது என்பதுதான் நிஜம். சுமார் 50 லட்சம் மக்கள்தொகை கொண்ட கிரீஸில் ஏற்கெனவே பத்து லட்சம் அகதிகள் வந்து, பள்ளிக்கூடத்திலும் நாடக அரங்கிலும் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு வீடும் நிலமும் வேண்டுமென்றால் முஸ்லிம்கள் காலி செய்தாக வேண்டும். துருக்கிக்கோ, சிறுபான்மையினரைச் சாக்கிட்டு ஐரோப்பிய வல்லரசுகள் மூக்கை நுழைத்த அனுபவம் போதும் போதும் என்று இருந்தது.

1919-இல் கிரீஸும் பல்கேரியாவும் இதே மாதிரி ஒன்றில் கையெழுத்திட்டிருந்தன. அது பெயரளவிலாவது விரும்பியவர்களுக்கு மட்டும். கட்டாயம் என்பது லோசானில் சேர்ந்த புதுச் சரக்கு.

விட்டுவிட்டு வந்த சொத்துக்கு நஷ்டஈடு கிடைத்ததா?

காகிதத்தில் கிடைத்தது. தூக்கிச் செல்ல முடிந்ததைக் கொண்டுபோகலாம்; வீடு, நிலம், தோப்பு ஆகியவற்றை ஒரு கலப்புக் குழு மதிப்பிடும்; போன இடத்தில் அதே மதிப்புக்கு, அதே வகைச் சொத்து தரப்படும் என்று எழுதியிருந்தது. ஏழு வருடம் மதிப்பிட்டும் முடியவில்லை. 1930 ஜூன் 10 அன்று அங்காராவில் இரு அரசுகளும் ஒரு முடிவுக்கு வந்தன: உன் கணக்கும் என் கணக்கும் சரிக்குச் சரி.

அரசுகளுக்கு அது சரி. ஸ்மிர்னாவில் மூன்று மாடி வீட்டை விட்டுவிட்டு ஏதென்ஸ் புறநகரில் தகரக் கொட்டகையில் இருந்தவருக்கு அது சரியாகுமா? வெனிசெலோஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள் இந்த அகதிகள். அங்காரா உடன்பாட்டுக்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதி அவரைக் கைவிட்டது. 1933 தேர்தலில் அவர் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வெனிசெலோஸ்தான் 1934-இல் முஸ்தபா கெமாலின் பெயரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். தலைவர்கள் சீக்கிரம் ராசியாகிவிடுகிறார்கள்.

சொந்த மதத்தவர் நாட்டில் நல்ல வரவேற்பு இருந்திருக்குமே?

எங்கே? கிரீஸில் அவர்களுக்கு வைத்த பெயர் 'துருக்கி விதை'. இன்னொன்று 'தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்'. சமையலில் தயிரை அதிகம் சேர்ப்பார்களாம், அதற்கு இந்தக் கேலி. துருக்கியில் வந்து இறங்கிய கிரீட்காரர்களுக்கு 'அரைக் காஃபிர்'. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, அது.

வசவை விடுங்கள். முதல் சில ஆண்டுகளில் மலேரியா, டைஃபஸ், காசநோய் என்று கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 18 முதல் 45 வயது வரையிலான கிரேக்க ஆண்கள் பலர் அனத்தோலியாவில் கட்டாய உழைப்புப் படைகளில் பிடித்துவைக்கப்பட்டார்கள். நிறையப் பேர் திரும்பவே இல்லை. ஆகவே கரை சேர்ந்த குடும்பங்களில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும்தான். ஏதென்ஸ் கம்பளி ஆலைகளுக்கும் துணி ஆலைகளுக்கும் குறைந்த கூலிக்குக் கை கிடைத்தது இப்படித்தான்.

துருக்கிப் பக்கம் வேறு விதமான குளறுபடி. குடியேற்றத்துக்கென்றே ஒரு தனி அமைச்சகம் அமைத்தார்கள். ஆனால் புகையிலை மட்டுமே தெரிந்தவனுக்கு ஆலிவ் தோப்பும், திராட்சைக்காரனுக்குக் கோதுமைக் காடும் ஒதுக்கிய கதைகள் ஏராளம். நல்லபடியாக அமைந்த இடங்களும் உண்டு. கிரீட், மிதிலினி தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஆய்வாலிக்கில் ஆலிவ் கிடைத்தது. மரம் அவர்களுக்குப் புதிதல்ல. ஆய்வாலிக் எண்ணெய்க்கு இன்றும் பெயர் இருக்கிறது.

காயாகோய் ஊரில் அது அமையவில்லை. ஃபெத்தியே அருகே மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய நூற்றுக்கணக்கான கல் வீடுகள். கிரேக்கர் காலத்தில் பெயர் லெவிஸி. அவர்கள் போன பிறகு கொண்டுவந்து விடப்பட்ட முஸ்லிம்கள் அங்கே தரிக்கவில்லை. இன்று பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை, சுவர்கள் நிற்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். லெவிஸிக்காரர்கள் ஏதென்ஸ் பக்கம் 'நெயா மக்ரி' என்று புது ஊர் கண்டார்கள்.

கிரீஸ் இதனால் எப்படி மாறியது?

நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அகதி. 1928 கணக்கெடுப்பில் 62 லட்சம் பேரில் 12 லட்சம். மாறாமல் இருக்குமா?

ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். 'நெயா' என்று தொடங்கினால் (புதிய என்று பொருள்) பெரும்பாலும் அகதிகள் ஊர்: நெயா ஸ்மிர்னி, நெயா இயோனியா, நெயா ஃபிலதெல்ஃபியா. கப்படோசியாவின் கெல்வெரி ஊர்க்காரர்கள் தங்கள் புனிதர் கிரிகோரியின் எலும்புகளைப் பெட்டியில் வைத்துச் சுமந்துவந்து, கவாலா அருகே 'நெயா கர்வாலி' அமைத்தார்கள். அந்த ஊர் இன்று ஒரு பலகாரத்துக்குப் பேர்போனது: 'குராபியே'. வெண்ணெய், பாதாம், மேலே மாவாகப் பொடித்த சர்க்கரை. நம்மூர் பேக்கரி நெய் பிஸ்கட்டைப் போல வாயில் வைத்ததும் உதிரும். பேசிக்கொண்டே தின்றால் சட்டையெல்லாம் வெள்ளை. துருக்கியிலும் 'குராபியே' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

கால்பந்திலும் அந்தத் தடம் இருக்கிறது. 1924-இல் ஏதென்ஸில் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) அகதிகள் தொடங்கிய ஏ.இ.கே. கழகம், 1926-இல் தெசலோனிக்கியில் தொடங்கிய பாவோக் கழகம், இரண்டின் பெயரிலும் கடைசி எழுத்து விட்டுவந்த நகரத்தைக் குறிப்பது. இரண்டின் சின்னமும் இரட்டைத்தலைக் கழுகு.

இசைக்கு வருவோம். துறைமுகத்துக் குடிசைகளிலும் காபிக் கடைகளிலும் உருவான 'ரெபேட்டிகோ' பாட்டு, ஸ்மிர்னாக்காரர்களின் ராகத்தைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. 2017-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. வேடிக்கை என்னவென்றால், 1934-இல் துருக்கி அரசு பழைய ஒட்டோமான் பாணி இசையை வானொலியில் தடை செய்தது. 1936-இல் கிரீஸில் ஆட்சியைப் பிடித்த மெத்தாக்ஸாஸ் 'துருக்கி வாடை' என்று அதே சாயல் பாட்டுகளைத் தடை செய்தார். துருக்கியில் அது பழமை, கிரீஸில் அது அந்நியம்.

பொருளாதாரத்தில் பின்னாளில் லாபமே. அகதிகள் அதிகம் குடியேறிய ஊர்கள் பிற்காலத்தில் வளமாக வந்ததை ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதை அந்த மக்களின் உழைப்புக்குச் சான்றாகச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தத்துக்குச் சான்றிதழாகக் காட்டாதீர்கள்.

துருக்கிக்கு?

கொல்லர், கொத்தனார், வியாபாரி, கப்பல்காரர் என்று ஒரு கைத்தொழில் வர்க்கமே ஒரே மூச்சில் போய்விட்டது. ஏஜியன் கரை ஊர்கள் பல மீண்டு எழ வெகு காலம் ஆனது. ஸ்மிர்னாவை விட்டு 1922-இல் ஓடிய குடும்பங்களில் ஒன்றின் பையன்தான் பின்னாளில் கப்பல் அதிபரான அரிஸ்டாட்டில் ஒனாசிஸ்.

விலக்கு அளிக்கப்பட்டவர்கள் தப்பித்தார்கள்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். லோசானின் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் இவர்கள் என்று நினைக்கிறேன்.

இஸ்தான்புல் கிரேக்கர்களும், கிரீஸின் மேற்கு த்ரேஸ் முஸ்லிம்களும் பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். இரு பக்கமும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இம்ப்ரோஸ், தெனெதோஸ் என்ற இரு துருக்கித் தீவுகளுக்கும் விலக்கு உண்டு. ஒருவருக்கொருவர் பிணை மாதிரி. நீ என் ஆட்களை நன்றாக நடத்து, நான் உன் ஆட்களை நன்றாக நடத்துகிறேன். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் அது தலைகீழாகத்தான் வேலை செய்தது: நீ அங்கே அடித்தால் நான் இங்கே அடிப்பேன்.

1942-இல் துருக்கியின் சொத்து வரி, கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் கடைகளைக் குறிவைத்து விதிக்கப்பட்டது. 1955 செப்டம்பரில், தெசலோனிக்கியில் முஸ்தபா கெமால் பிறந்த வீட்டு வளாகத்தில் குண்டு வெடித்தது என்ற செய்தி பரவியது. அன்று இரவே இஸ்தான்புல்லில் கிரேக்கர் கடை, வீடு, தேவாலயம், கல்லறை எல்லாம் நொறுக்கப்பட்டன. குண்டு வைத்த ஏற்பாடே துருக்கித் தரப்பினுடையது என்பது பிறகு வெளிவந்தது. 1964-இல் கிரேக்கரும் துருக்கியரும் வாழும் சைப்ரஸ் தீவில் தகராறு முற்றியதும், கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்த சுமார் 12,000 பேரை இஸ்தான்புல்லிலிருந்து வெளியேற்றினார்கள். ஒரு சூட்கேஸ், கொஞ்சம் கைக்காசு, அவ்வளவுதான் அனுமதி. அவர்களோடு சேர்ந்து போன மனைவி மக்கள் அதைவிட அதிகம். இன்று அந்த நகரில் மிஞ்சியிருப்பது இரண்டு மூவாயிரம் பேர். இம்ப்ரோஸ் தீவில் 1964-இல் கிரேக்கப் பள்ளிகளை மூடினார்கள். மறுபடி ஒன்று திறந்தது 2013-இல்.

கிரீஸ் மட்டும் யோக்கியமா? மேற்கு த்ரேஸில் ஆட்களைத் துரத்தவில்லை, சட்டத்தை வைத்தே காரியம் சாதித்தார்கள். குடியுரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு என்று ஒன்று 1955 முதல் 1998 வரை இருந்தது. கிரேக்க இனத்தவர் அல்லாத குடிமகன் திரும்பும் எண்ணமின்றி வெளிநாடு போய்விட்டதாக அரசு கருதினால் குடியுரிமையைப் பறிக்கலாம். சுமார் 60,000 பேர் இப்படிப் பறிகொடுத்தார்கள். சங்கத்தின் பெயரில் 'துருக்கிய' என்று வைத்துக்கொள்ளக்கூட அனுமதி மறுக்கப்பட்டது. க்ஸாந்தி ஊர்ச் சங்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2008-இல் சாதகமான தீர்ப்பு வாங்கியது.

எப்படியோ போர் நின்றதே, அதனால் இது வெற்றிதானே?

1923-க்குப் பிறகு இரு நாடுகளும் முழுப் போரில் இறங்கவில்லை என்பது உண்மை. அதைப் பரிமாற்றத்தின் கணக்கில் வரவு வைப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். சண்டையும் சைப்ரஸும் பிணையாட்களும் இருந்துகொண்டேதான் இருந்தன.

'வெற்றி' என்று பேர் வாங்கியதால் வந்த வினை பெரிது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரியிலிருந்து ஜெர்மானியரை வெளியேற்றத் திட்டமிட்டவர்கள் லோசானைத்தான் முன்னுதாரணமாகக் காட்டினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள். 1975-இல் சைப்ரஸும் வடக்கு தெற்காக ஆட்களை மாற்றிக்கொண்டது. 1947-இல் பஞ்சாபில் ஒப்பந்தம் எதுவும் இல்லாமலேயே ரத்தத்தோடு அது நடந்து முடிந்தது. ஆனால் வங்காளத்தில் அகதிகள் வந்துகொண்டே இருந்தபோது, பரிமாற்றம் செய்துகொள்வோம் என்ற கோரிக்கையை ஏற்காமல், 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் அவரவர் நாட்டுச் சிறுபான்மையினரை அங்கங்கேயே பாதுகாப்பது என்று கையெழுத்திட்டார்கள். அது சரியாக நிறைவேறவில்லை என்றாலும், எதிர்த்திசையில் யோசிக்க முடியும் என்று காட்டியது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இதே வகையா?

பரிமாற்றம் அல்ல; ஒருவழிப் பாதை. ஆனால் ரத்த உறவு இருக்கிறது. 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்த இலங்கை மலையகத் தமிழர் 9,75,000 பேரை 1964 அக்டோபர் 30 அன்று இரு அரசுகளும் பங்குபோட்டன: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். கண்டியிலும் பதுளையிலும் பிறந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கி, தாத்தா புறப்பட்ட ஊரைத் தேடினார்கள். கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்களை நீலகிரியில் 'சிலோன்காரங்க' என்றார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. லோசான் அகதியிடம் இதைச் சொல்லியிருந்தால் விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

பேரப்பிள்ளைகள் இப்போது பழைய ஊருக்குப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், போகிறார்கள். முதல் தலைமுறைக்கு அந்த வாய்ப்பில்லை. அரசின் அனுமதி இல்லாமல் திரும்பிவந்து குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. இரண்டாம் தலைமுறை அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டது. தேடத் தொடங்கியது மூன்றாம் தலைமுறை. இஸ்தான்புல்லில் லோசான் முபாதில்களுக்கென்று அறக்கட்டளை இருக்கிறது, சதால்ஜாவில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏதென்ஸில் சிற்றாசிய ஆய்வு மையம் அகதிகளின் வாய்மொழியை 1930-களிலிருந்தே எழுதிவைத்திருக்கிறது. எந்த ஊரில் எத்தனை கிணறு என்பது வரை. கெல்வெரி இன்று குசெல்யுர்த். அங்கே குடியேறிய முஸ்லிம்களின் பேரர்களும், நெயா கர்வாலிக்காரர்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வருகிறார்கள்.

துருக்கியர்களுக்கு விசாதான் தொந்தரவு. 2024-இல் மிதிலினி உட்படச் சில கிரேக்கத் தீவுகளில் இறங்கியதும் ஏழு நாள் விசா கொடுக்கத் தொடங்கினார்கள். ஆய்வாலிக்கில் படகு ஏறினால் மிதிலினிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.